மேற்படி கட்டடம்

11-7-1958, வெள்ளி

இது கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து திறந்தால் பின்னக் கணக்குகள்தான் இருக்கும். நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடுவேன். என் பெயரை இதில் எங்கேயும் எழுதப் போவதில்லை.

(அட்டையில் லேபிள் இருக்கிறது. ஆவுடையம்மாள், நாலாம் பாரம், பி பிரிவு. நாளைக்குக் கிழித்துவிட வேண்டும்.)

நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். நாற்பது பழைய நியூஸ் பேப்பர் தாள்களில் சலவை நீலத்தைக் கரைத்து, மூங்கில் குச்சியால் ஒரே வாக்கியத்தை நாற்பது தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேற்று விடியும்போது அவை ஆலடிப்பேட்டை முழுவதும் ஒட்டியிருந்தன. சந்தைச் சுவரில், முனிசிபல் ஆபீஸ் கேட்டில், சேர்மனுடைய காரின் பின்னாலும் ஒன்று. அப்பா அந்த முனிசிபல் ஆபீஸில்தான் கிளார்க்.

அப்பா மத்தியானம் சாப்பிட வந்தபோது அம்மாவிடம் சொன்னார்: "யாரோ ஊரெல்லாம் எழுதி ஒட்டியிருக்காக."

"என்னன்னு?"

"அதைச் சொல்லக்கூடாது."

"அப்படி என்ன கெட்ட வார்த்தை?"

அப்பா என்னைப் பார்த்தார். ரசத்தைப் பார்த்தார். "ஒரு கட்டடம் வேணுமாம். ஆபீஸ்ல ஃபைல் திறந்தாச்சு. பேரு எழுதக் கூசுதுன்னு 'மேற்படி கட்டடம்'னு போட்டிருக்கு."

மேலே எதுவும் இல்லாமல் மேற்படி எப்படி வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நான் எழுதிய வாக்கியம் இதுதான்: சந்தைக்கு வரும் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டு.

எழுதச் சொன்னது முத்துப்பேச்சி அக்கா. வியாழக்கிழமைச் சந்தையில் சுரைக்காயும் கத்திரிக்காயும் விற்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. சந்தையில் முந்நூறு பெண்கள் இருட்டு விலகும் முன் வந்து இருட்டிய பிறகு போகிறார்கள். முன்பு சந்தைச் சுவருக்குப் பின்னால் உடைமரக் காடு இருந்தது. லாரி ஷெட் போடுவதற்காக முனிசிபாலிட்டி அதை வெட்டிவிட்டது. அதிலிருந்து அவர்கள் புதன்கிழமை ராத்திரியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சந்தைக்குப் போகிற நாளில் அம்மாவும் அப்படித்தான்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். ஜூன் பத்தொன்பதாம் தேதி நான் சந்தைக்குப் போயிருந்தேன். அக்கா தன் கோணிச்சாக்கை என் இடுப்பில் சுற்றி வீடுவரை கொண்டுவந்து விட்டாள். அவ்வளவுதான் எழுதுவேன். நீலப் பாவாடையை நான் இப்போது கட்டுவதில்லை. அது வேறு விஷயம்.

14-7-1958, திங்கள்

லேபிளைக் கிழித்தேன். பெயர் இல்லாத நோட்டு வைத்திருந்ததற்காகக் கணக்கு டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றினார். மறுபடியும் பெயர் எழுதிவிட்டேன்.

17-7-1958, வியாழன்

எங்கள் பள்ளிக்கூடம் சேர்மன் குற்றாலிங்கம் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. இன்று பத்து மணிக்கு இங்கிலீஷ் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். சந்தைப் பெண்கள் சேர்மன் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. எல்லார் கையிலும் ஒரு செம்புத் தண்ணீர். ஊரிலேயே செப்டிக் டேங்க் வைத்த கக்கூஸ் சேர்மன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வரிசை வளைந்து தபாலாபீஸ் வரை போனது. தபால் வாங்க வந்தவர்கள் இது தபாலுக்கு நிற்கிற வரிசை என்று நினைத்துக் கடைசியில் போய் நின்றார்கள். தாலுகா ஆபீஸ் பியூன் முக்கால் மணி நேரம் நின்றபிறகுதான் தன் கையில் செம்பு இல்லாததைக் கவனித்தாராம்.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் நின்ற முத்துப்பேச்சி அக்காவிடம், "எதுக்கு நிக்கீங்க?" என்று அதட்டினார்.

"நீங்களே சொல்லுங்க ஐயா. செம்போட எதுக்கு நிப்பாக?"

"கூட்டம் போடக்கூடாது. கலைஞ்சு போங்க."

"கூட்டம் இல்லையே, வரிசை. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வருவா. போன வருஷம் வோட்டுக் கேக்க வந்தப்ப சேர்மன் ஐயா என்ன சொன்னாக? 'என் வீட்டை உங்க வீடா நினைச்சுக்கோங்க'ன்னாக. இப்பத்தான் நினைச்சோம்."

சப் இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பென்சிலை வைத்திருந்தார். பிறகு 'சொந்த அலுவல்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சேர்மனுடைய மனைவிக்குப் பாவமாக இருந்திருக்கிறது. கேட்டைத் திறந்து ஏழெட்டுப் பேரை உள்ளே விட்டார்களாம்.

நாற்பது தாள்தான் எழுதினேன். வரிசையில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

21-7-1958, திங்கள்

நான் செத்தேன்.

இன்று முனிசிபல் கமிஷனர் அப்பாவைக் கூப்பிட்டு, என் தாள் ஒன்றை மேஜைமேல் விரித்து வைத்தாராம். பக்கத்தில் ஆபீஸ் நோட்டீஸ் ஒன்று. ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் அப்பா எழுதுவதுதான். அப்பாவின் எழுத்து அச்சுப் போல இருக்கும். அவர் 'க' எழுதினால் அதன் வால் கீழே இறங்கி, பூனை வாலைப் போல ஒரு சுருள் சுருண்டு நிற்கும். ஐந்து வயதில் மணலில் என் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவர் அவர்தான். நானும் அப்படித்தான் எழுதுவேன். வேறு மாதிரி எழுத வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாக்கியத்தில் மொத்தம் பத்து க.

அப்பா அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கமிஷனர் சொல்லுதாரு, 'சங்கரலிங்கம், இது உம்ம எழுத்து மாதிரியே இருக்கு. அதனால எழுத்தைப் பத்தி உம்மைவிடத் தெரிஞ்சவன் இந்த ஆபீஸ்ல கிடையாது. நீரே விசாரிச்சு ஆளைப் பிடியும்'னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்க ஐயான்னேன்."

"பிடிக்காட்டி?"

"அடுத்த மாசம் இருபத்தொண்ணாம் தேதி வரைக்கும் டயம். அதுக்குள்ள வேற ஆள் அகப்படலேன்னா என் எழுத்துன்னே வச்சுக்குவாகளாம். வேலை போயிரும்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதே அரிசியை இரண்டு தடவை பொறுக்கினாள்.

24-7-1958, வியாழன்

மறுபடியும் வரிசை. இந்தத் தடவை சேர்மன் தன் வீட்டுக் கக்கூஸைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கவுன்சில் கூட்டத்துக்குப் போய்விட்டார். கூட்டம் மத்தியானம் மூன்று மணி வரை நடந்தது. பன்னிரண்டரைக்குச் சேர்மன் மனைவி பட்டுப் புடவையோடு, வெள்ளிச் செம்போடு வாசலுக்கு வந்து, கொஞ்சநேரம் தெருவைப் பார்த்துவிட்டு, வரிசையில் போய் நின்றார்கள். தன் வீட்டு வாசலில், கடைசி ஆளாக.

முத்துப்பேச்சி அக்கா, "அம்மா, நீங்க முன்னால வாங்க" என்றாளாம்.

"வேண்டாம் தாயி. முன்னால போனாலும் பூட்டுத்தான்."

25-7-1958, வெள்ளி

இன்று நடந்தது நாளைக்கு எனக்கே நம்ப முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

குற்றவாளியின் எழுத்தைக் கண்டுபிடிக்க, ஊரில் உள்ள எல்லாரும் அந்த வாக்கியத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு போட்டுவிட்டார். இரண்டு பிரதி. கீழே பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, கையெழுத்து. முதலில் எங்கள் பள்ளிக்கூடம்.

பிரேயர் ஹாலில் எங்களை உட்காரவைத்தார்கள். தலைமையாசிரியை ஞானதீபம் டீச்சர் கரும்பலகையில் 'சந்தைக்கு வரும் பெண்களுக்கு' என்று எழுதினார். சாக்பீஸை மாற்றிக்கொண்டார். பிறகு ஒரு நீளமான கோடு போட்டு, 'கட்டு' என்று முடித்தார்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், கோடிட்ட இடத்துல என்ன?"

"உங்களுக்கே தெரியும்."

"தெரியாது டீச்சர்."

"ஊரெல்லாம் ஒட்டியிருக்கே, பார்க்கலையா?"

"அதையெல்லாம் பார்க்கக்கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

ஞானதீபம் டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பொருத்தமான சொல்லால் நிரப்புங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். சிலர் கிணறு என்று எழுதினார்கள். சிலர் கோயில் என்று எழுதினார்கள். என் பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள் 'சந்தைக்கு வரும் பெண்களுக்குத் தாலி கட்டு' என்று எழுதி, கதவு எண் போட்டு, கையெழுத்தும் போட்டாள். டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவரே கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னார். "கக்கூஸ்! கக்கூஸ்! எழுதித் தொலையுங்கள், கக்கூஸ்!" அவர் குரலை மைதானத்துக்கு அப்பால் சைக்கிள் கடையில் கேட்டுச் சிரித்தார்களாம்.

நான் இடது கையால் எழுதினேன். நண்டு நடந்த மாதிரி இருந்தது. மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. தமிழ் டீச்சர் வந்து பார்த்தார். "என்ன ஆவுடை இது? முனிசிபல் ஆபீஸுக்குப் போகிற தாள். உங்கப்பா பார்த்தால் எவ்வளவு வருத்தப்படுவார்? வலது கையால், உன் எழுத்தில், அழகாக எழுது." எழுதவைத்தார். போதாது என்று இன்னொரு தடவையும் எழுதவைத்தார். அதைத் தூக்கிப் பிடித்து ஹால் முழுவதற்கும் காட்டினார். "எழுத்து என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார்.

பத்துக் க. பத்துப் பூனை வால்.

27-7-1958, ஞாயிறு

அப்பா பள்ளிக்கூடத்துத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடம் முழுவதும் பரப்பினார். அம்மா சமையலறைக்குப் போவதற்கு நடுவில் ஒரு சாண் வழி விட்டிருந்தார். சுவரில் குற்றவாளியின் தாளை ஆணி அடித்து மாட்டினார். என்னைக் கூப்பிட்டு, "ஆவுடை, தெரு வாரியா பிரிச்சுக் குடு" என்றார்.

நான் பிரித்துக் கொடுத்தேன். என் தாளை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அடியில் இருந்தாலும் ஒரு நேரம் மேலே வரத்தானே செய்யும்? பதினொரு மணிக்கு வந்தது.

அப்பா எடுத்தார். சுவருக்குப் பக்கத்தில் பிடித்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். என் காதில் ரயில் ஓடுகிற மாதிரி இருந்தது. பிறகு சிவப்புப் பென்சிலால் மூலையில் 'பொருந்தவில்லை' என்று எழுதி, பொருந்தாத கட்டின்மேல் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்தார். அது பேச்சியம்மாளின் தாலி. அதை மட்டும் வெகுநேரம் ஆராய்ச்சி செய்தார்.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பாவம், இந்த வயதிலேயே. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இன்னொன்று. நான் பதினைந்து நாளாக இந்தச் சின்ன விளக்கில் எழுதுகிறேன். எண்ணெய் குறையவே இல்லை. சிறிய விளக்கு அதிகம் குடிக்காது போலிருக்கிறது.

31-7-1958, வியாழன்

சாயங்காலம் அம்மாவோடு சந்தைக்குப் போனேன். அங்கே முனிசிபல் ஆபீஸ் மேஜை போட்டு எழுத்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'விதிவிலக்கு யாருக்கும் இல்லை' என்று உத்தரவில் இருக்கிறதாம். ஊருக்கு முன்மாதிரியாகக் கமிஷனரே எழுதிக் கொடுத்துவிட்டார். சேர்மனும் எழுதிவிட்டார். கோயில் குருக்கள், சலூன்காரர், மாதா கோயில் சாமியார், எல்லாரும் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

முத்துப்பேச்சி அக்காவின் முறை வந்தது. மேஜையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எழுதத் தெரியாதே ஐயா."

"தெரியாதுன்னு எழுதிக் குடு" என்றார் பக்கத்தில் நின்ற பில் கலெக்டர்.

"எழுதத் தெரிஞ்சா தெரியாதுன்னு ஏன் எழுதுதேன்? அண்ணாச்சிக்கு வெயில் தலைக்கு ஏறிட்டு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, அவரே அந்த வாக்கியத்தை எழுதினார். தன் எழுத்தில், நிதானமாக, பத்து வாலும் வைத்து. "இதுக்குக் கீழ பெருவிரல் வையி தாயி" என்றார். அக்கா மையைத் தொட்டு வைத்தாள். அப்புறம் அப்பாவுக்கு நேராகக் குனிந்து, "வாசிச்சுக் காட்டுங்க. எதுல கை நாட்டு வச்சேன்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

அப்பா வாசிக்கவில்லை. அவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

"அதுல இன்னொண்ணும் சேத்து எழுதுங்க. குழி வெட்டித் தொட்டியோட கட்டணும். மனுசி கையால அள்ளுத மாதிரி கட்டினா எங்களுக்கு வேண்டவே வேண்டாம். அள்ளுதவளும் எங்க வரிசைல நிக்கா."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதினார். அதற்குப் பிறகு எழுதிய எல்லாக் கைநாட்டுத் தாளிலும் அந்த இரண்டாவது வரி இருந்தது. எழுத்து மாதிரி எடுக்கிறபோது இப்படிச் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

வழியில் அம்மா சலவை நீலம் இரண்டு பொட்டலம் வாங்கினாள். எங்கள் வீட்டில் அவ்வளவு வெள்ளைத் துணி கிடையாது.

5-8-1958, செவ்வாய்

அப்பா ஒரு தவறு செய்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் தவறு.

ஆபீஸில் தபால் பிரிவுக்குத் தாயுமானவன் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். விதிப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர் என்று அப்பா சொல்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடம் இல்லை என்று அப்பா எல்லாக் கட்டுகளையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இவை எழுத்து மாதிரிகள் என்று மேலே ஒரு குறிப்பு வைக்க மறந்துவிட்டார்.

தாயுமானவன் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு கோரிக்கை இருக்கிறது. பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. இரண்டு பிரதி இருக்கிறது. விதிப்படி இது மனு. மனுவுக்கு நம்பர் போட வேண்டும், ஒரு பிரதியைக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் உட்கார்ந்து மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மனுக்களைப் பதிந்து, கோணிகளில் கட்டி, இன்று காலை பஸ்மேல் ஏற்றிவிட்டார்.

"கமிஷனர் கேட்டதும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டாரு" என்றார் அப்பா. "பஸ்ஸைப் பிடிக்க ஜீப்பை எடுக்கச் சொன்னாரு. ஜீப்புல பெட்ரோல் இல்லை."

"உங்களுக்கா மறதி?" என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னிக்கு எங்க வீட்டுல எத்தனை அப்பளம் குறைஞ்சுதுன்னு இன்னிக்கும் சொல்லுவீகளே?"

"வயசாகுதுல்லா" என்றார் அப்பா. இன்னொரு தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

என்னால் சாப்பிட முடியவில்லை. என்னால் அவர் கண் போனது, ஞாபகமும் போகிறது.

15-8-1958, வெள்ளி

கொடியேற்றம். மக்கள் கேட்டால் கொடுப்பதுதான் மக்களாட்சி என்று சேர்மன் பேசினார். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். இன்னும் ஆறு நாள்.

20-8-1958, புதன்

நாளைக்குக் கெடு. அப்பா யாரையும் பிடிக்கவில்லை. பிடிக்கிற மாதிரி எதையும் செய்யவும் இல்லை. சாயங்காலம் வந்து கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். அவர் துணி மடித்து நான் பார்த்ததில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் முன்னால் போய் நின்றேன். "அப்பா, அந்த எழுத்து" என்று ஆரம்பித்தேன்.

"எந்த எழுத்து?"

"ஒட்டியிருந்தது. அதை நான்..."

"நாளைக்குக் கலெக்டர் வாராக" என்றார் அப்பா சத்தமாக. "பிரேயர் பாட்டுப் பாட உங்க கிளாஸ்ல இருந்து ஆறு பேர் வேணுமாம். உன் பேரும் இருக்கு. தொண்டையைக் கெடுத்துக்காதே, பேசாம இரு."

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஏட்டி!" அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். "அப்பாதான் பேசாம இருன்னு சொல்லுதாகல்லா?"

என்னைப் பேச விடாமல் எல்லாரும் சேர்ந்து அப்பாவின் வேலையைக் காவு கொடுக்கப் போகிறார்கள்.

21-8-1958, வியாழன்

கை ஓயும் வரை எழுதுவேன்.

கவுன்சில் ஹாலில் நாங்கள் ஆறு பேரும் மேடை ஓரத்தில் நின்றோம். அப்பா கிளார்க்குகள் வரிசையில் நின்றார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கதவுக்கு வெளியே சந்தைப் பெண்கள் செம்போடு நின்றார்கள். வியாழக்கிழமை என்பதால் அவர்களுக்கு இது வழக்கமாகிவிட்டது.

கலெக்டர் இளவயதுக்காரர். அவருக்குப் பின்னால் இரண்டு பியூன்கள் கோணி மூட்டைகளைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். கமிஷனரின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. நான் பாட்டில் இரண்டாவது அடியை விட்டுவிட்டேன்.

கலெக்டர் பேசினார். "தேசம் சுதந்திரம் பெற்றுப் பதினோரு வருஷம்தான் ஆகிறது. மக்களுக்கு மனுப்போடவே இன்னும் பழக்கமில்லை என்று நாங்கள் வருத்தப்படுகிறோம். ஆனால் இந்த ஊரில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரே கோரிக்கையை, ஒரே வாக்கியத்தில், ஓர் எழுத்து மாறாமல் கேட்டிருக்கிறீர்கள். கைநாட்டு வைத்தவர்கள் குழியும் தொட்டியும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் தாலி என்று இருக்கிறது. பரவாயில்லை. பெண்களுக்கான தேவையைக் கேட்டு ஆண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குருக்கள் போட்டிருக்கிறார். கமிஷனர் போட்டிருக்கிறார். சேர்மனே போட்டிருக்கிறார்! இந்த இயக்கத்தை ஆரம்பித்தது யார்?"

கமிஷனர் மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் சேர்மன் எழுந்துவிட்டார்.

"எல்லாம் அடியேன்தான்" என்று கும்பிட்டார். "முதல் போஸ்டரை ஒட்டினதே நான்தான். என் கார்லயே ஒட்டினேன்."

"எழுதியதும் நீங்களா?" என்றார் கலெக்டர்.

சேர்மன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "என் கையாலயே எழுதினேன்."

சப் இன்ஸ்பெக்டர் முதலில் கைதட்டினார். பிறகு கமிஷனர். பிறகு எல்லாரும். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தட்டினார்.

வெளியேயிருந்து முத்துப்பேச்சி அக்காவின் குரல் வந்தது. "அப்படின்னா கட்டி முடிக்குத வரைக்கும் வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க, ஐயா!"

கலெக்டர் முன்னால் சேர்மனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

14-10-1958, செவ்வாய்

சுருள் வைத்த எழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'எழுதியவர் சேர்மன் என்பதைச் சேர்மனே ஒப்புக்கொண்டதால் விசாரணை முடிகிறது' என்று அப்பா எழுதி ஃபைலைக் கட்டிவிட்டார். சந்தை ஓரத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. எட்டு அறை, குழியும் தொட்டியும் வைத்தது. அதனால் நோட்டை எழுதாமல் விட்டிருந்தேன். இன்று மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரு பெரிய தாளை என் முன்னால் விரித்தார்.

"கல்வெட்டுக்கு எழுத்து வேணும். சேர்மன் போஸ்டர் எழுதின அதே எழுத்துல இருக்கணும்னு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து சொல்லியிருக்காக. சேர்மனுக்கு விரல்ல சுளுக்காம். எழுது."

"நானா?"

"பின்ன, பேச்சியம்மாளா?"

"அப்பா, உங்களுக்கு எப்பத்திலேருந்து...?"

"எழுதுத எழுத்தைப் பாரு. கல்லுல வெட்டப் போறாக, தப்பு விழுந்தா அழிக்க முடியாது."

ஆபீஸ் ஃபைலில் இருந்தபடியே எழுதச் சொன்னார். நான் எழுதினேன். 'மேற்படி கட்டடம். சேர்மன் குற்றாலிங்கம் அவர்களின் பெருமுயற்சியால் எழுப்பப்பட்டது.'

30-10-1958, வியாழன்

கட்டடம் முடிந்துவிட்டது. என் எழுத்தைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்துவிட்டார்கள்; வெளியூரிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் படித்துவிட்டு இது என்ன ஆபீஸ் என்று கேட்கிறார்களாம். ஆனால் பூட்டியிருக்கிறது. கட்டி முடித்தாயிற்று என்று சேர்மன் தன் வீட்டுச் சாவியையும் திரும்ப வாங்கிக்கொண்டார். மந்திரி வந்துதான் திறக்க வேண்டுமாம். எதைத் திறப்பது என்று மந்திரி ஆபீஸிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். மேற்படி கட்டடத்தை என்று இங்கிருந்து பதில் போனதாம். மேலே குறிப்பிட்டது எது என்று மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

12-11-1958, புதன்

மந்திரி அலுவலகத்திலிருந்து இன்று பதில் வந்தது. ஜூன் மாதம் வரை தேதி இல்லை.

சாயங்காலம் முத்துப்பேச்சி அக்கா வீட்டுக்கு வந்தாள். பின்வாசலில் வரவில்லை, முன்வாசலில் வந்தாள். கையில் ஒரு கட்டுப் பழைய நியூஸ் பேப்பர். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"கிளார்க் ஐயா, நாளைக்குச் சந்தை. இன்னும் பூட்டுத்தான் தொங்குது. பிள்ளைகிட்ட ஒரு எழுத்து வேலை இருக்கு."

"என்ன எழுதணும்?"

"மேற்படி கட்டடத்தைத் திறன்னு."

"சேர்மனுக்கு விரல் சுளுக்கு" என்றார் அப்பா. "இந்தத் தடவை அவரு எழுதினதா சொல்ல மாட்டாரு. கமிஷனர் என்னைத்தான் கேப்பாரு."

"தெரியும் ஐயா. அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன். வேண்டாம்னா போயிருதேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். அம்மா சமையலறையிலிருந்து வந்து நீலம் கரைத்த கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மேற்படின்னு எழுதினா ஒருத்தனுக்கும் விளங்காது" என்றார் அப்பா கடைசியில். "கக்கூஸைத் திறன்னு எழுதணும்."

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்காவும் அதைக் கவனித்தாள். ஆனால் சிரிக்கவில்லை. "எத்தனை வேணும்?" என்று அப்பா கேட்டார்.

"நாப்பது."

"ஆவுடை, இங்க வா. நீ இருபது எழுது." நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேப்பர் கட்டைப் பிரித்து இரண்டாகப் பங்கு வைத்தார். "நான் இருபது."

அக்கா போனதும் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து மூங்கில் குச்சியை நீலத்தில் தோய்த்தார். முதல் 'க' கோணலாக விழுந்து, வால் பிசிறிப் போனது. பிறகு அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.